தார்ப்பாய்க்குள் அம்மாவின் வண்டி

இயேசு மரி சூசை துணை

திண்டுக்கல்
ஆகஸ்ட் 24, ஞாயிறு

அன்பு மகள் அனிஷாவுக்கு அப்பா ஆசீரோடு எழுதிக்கொண்டது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே என் உடம்புக்குக் குறையில்லை, நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் அந்தக் குளிர் தேசத்தில் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று காலைப் பூசையில் தினமும் உங்கள் மூன்று பேர் பெயரையும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீ அனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறேன், வாசனை நன்றாக இருக்கிறது, வலி அப்படியேதான் இருக்கிறது. நம் ஷெட்டில் டிங்கர் வேலையும் பெயிண்ட் வேலையும் பார்க்கிற மரியராஜ் இந்த மாதம் தாத்தா ஆகிவிட்டான், பேத்தி பிறந்த சந்தோஷத்தில் ஒரு நீல நிற ஆல்டோவுக்குப் பச்சைக் கதவு பூசி வைத்து, மறுபடி தேய்த்து எடுத்தான். வாரத்துக்கு மூன்று நாள் வீடியோவில் முகம் பார்க்கிறோம், அப்புறம் எதற்கு இந்தக் காலத்தில் கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் சொல்ல மூன்று தடவை முயற்சி பண்ணினேன் பாப்பா. உன் முகத்தைப் பார்த்ததும் வாய் வேறு எதையோ பேசிவிடுகிறது. போன தடவை கத்தரிக்காய் விலை பற்றி அரை மணி நேரம் பேசினேனே, அது இதைச் சொல்ல வந்த நாள்தான். அதனால் பேனாவை எடுத்துவிட்டேன்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் நீ கூப்பிட்டு, டிக்கெட் போட்டாச்சு, கல்லறைத் திருநாளுக்கு இரண்டு நாள் முன்னாடியே வந்துவிடுவோம் என்றாய். அதோடு விட்டிருந்தால் நான் அன்றைக்குத் தெருவெல்லாம் சொல்லியிருப்பேன். அடுத்து, “அப்பா, அம்மா வண்டியை நான்தான் ஓட்டுவேன், அதுலதான் நாம கல்லறைக்குப் போறோம், இப்பவே சர்வீஸ் பண்ணி வச்சிருங்க” என்று சொன்னாய். நான் சரி பாப்பா என்றேன். அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன், நீ நின்றுகொண்டு படித்தால் உட்கார்ந்துகொள். அம்மாவின் மாருதி ஓடாது. ரிப்பேர் என்பதால் இல்லை, ஓடுவதற்கு அதற்குள் ஒன்றும் இல்லை. தார்ப்பாய் போட்டு ஷெட்டின் மூலையில் நிற்பது வெறும் கூடு. என்ஜின் இல்லை, கியர் பாக்ஸ் இல்லை, ரேடியேட்டர் இல்லை, ஸ்டியரிங் இல்லை, டிரைவர் சீட்டும் இல்லை. அம்மா போன இந்த நாலு வருஷத்தில் ஒவ்வொன்றாகக் கழற்றி, நான் விற்பதற்காக ரிப்பேர் பார்த்த மற்ற வண்டிகளில் போட்டுவிட்டேன். யாரும் திருடவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. நான்தான் செய்தேன்.

நீ வண்டியைக் காட்டச் சொன்ன போதெல்லாம் தார்ப்பாயை முன்பக்கம் மட்டும் தூக்கிக் காட்டினேன். முன்பக்கத்தில் இரண்டு லைட்டும் நம்பர் பிளேட்டும் அம்மா தொங்கவிட்ட ஜெபமாலையும் இருந்தது, அதனால் உனக்குச் சந்தேகம் வரவில்லை. இதைவிடப் பெரிய குற்றம் ஒன்று இருக்கிறது. போன வருஷம் அம்மாவின் நினைவு நாளில், வண்டியை ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணுங்கப்பா, சத்தத்தை மட்டும் கேட்டுக்கிறேன் என்றாய். நான் போனை அம்மா வண்டியின் பானட் மேல் வைத்துவிட்டு, பக்கத்தில் விற்பனைக்கு நின்ற இன்னொரு வண்டியில் ஏறி சாவியைத் திருப்பினேன். நீ அந்தச் சத்தத்தைக் கேட்டு அழுதாய். மாப்பிள்ளை வந்து போனை வாங்கி, அப்புறம் பேசுகிறோம் மாமா என்றார். அது நத்தத்துக்காரர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன வண்டி, அடுத்த வாரமே விலை போய்விட்டது. நீ அழுதது ஒரு முன்பின் தெரியாத வண்டிக்காக. அன்றைக்கு நான் என்னை ஏசிக்கொண்ட ஏச்சை நீ ஏசினால்கூடத் தாங்கிக்கொள்வேன், ஆனால் நீ ஏச மாட்டாய், பேசாமல் இருப்பாய், அம்மா மாதிரி. அதுதான் பயம்.

அந்த வண்டி நம் வீட்டுக்கு வந்த நாள் உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது, நீ ஆறாம் வகுப்பு. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஷெட்டில் கொடைக்கானலிலிருந்து இறங்கி வந்த வண்டி என்று நின்றது. மலைவண்டி என்றால் பிரேக்கும் கிளட்சும் தேய்ந்திருக்கும், அதைச் சொல்லியே விலையைக் குறைத்தேன். விற்கத்தான் வாங்கினேன். உன் அம்மா அப்போது பாடம் நடத்த செம்பட்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்தாள். வண்டியைச் சுற்றி ஒரு தடவை வந்தாள், கதவைத் திறந்து உட்கார்ந்தாள், கால் பெடலுக்கு எட்டவில்லை, எட்டவில்லை என்று சொல்லாமல், “இந்த சீட்டைக் கொஞ்சம் முன்னால தள்ளி வெல்டு வச்சுக் குடுங்க, நான் ஓட்டப் படிக்கிறேன்” என்றாள். நாற்பது வயசில். நம் பங்கில் அதுவரை கார் ஓட்டின பெண் யாரும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவள் ஓட்டி வந்து இறங்கினால் கோயில் வாசலில் நின்ற ஆண்கள் எல்லாரும் என்னைத்தான் பார்ப்பார்கள், நான் என்னவோ அவள் பின்னால் ஒளிந்துகொண்டு வந்தது மாதிரி. எனக்குப் பெருமைதான், காட்டிக்கொள்ளவில்லை.

அந்த வண்டிக்கு இடது பக்கக் கதவுக் கண்ணாடி இல்லை, அட்டை வைத்து மறைத்திருந்தது. புதுக் கண்ணாடி வாங்கினால் கட்டாது என்று உன்னையும் கூட்டிக்கொண்டு கோயமுத்தூர் உக்கடம் போனேன், வண்டிகளைப் பிரித்து விற்கிற கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் அலைந்தோம். உனக்கு அந்த வயசிலேயே சாமான் பெயர் எல்லாம் அத்துப்படி. ஒரு கடைக்காரர் வேறு மாடல் கண்ணாடியை எடுத்து நீட்ட, “இது நாலு கதவு வண்டியோடது இல்லைங்க அங்கிள், வளைவைப் பாருங்க” என்றாய். அவர் உன்னைப் பார்த்து, என்னைப் பார்த்து, சிரித்துக்கொண்டே சரியானதை எடுத்துக் கொடுத்தார். கண்ணாடியைப் போர்வையில் சுற்றி பஸ்ஸில் நம் இரண்டு பேர் மடியிலும் வைத்துக்கொண்டு வந்தோம். கண்டக்டர் இதற்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்க வேண்டும் என்றார். மடியில் வச்சிருந்தா லக்கேஜ் இல்லைன்னு பிள்ளைங்களுக்குத்தானே சொல்வீங்க, இதுவும் அப்படித்தான் என்று நீ சொன்னாய். பஸ் முழுக்கச் சிரித்தது. ஒட்டன்சத்திரம் தாண்டினதும் நீ தூங்கிவிட்டாய், உன் தலை கண்ணாடி மேல் சாய்ந்துவிடாமல் ஒரு கையால் உன்னையும் ஒரு கையால் கண்ணாடியையும் பிடித்துக்கொண்டு வந்தேன். அப்போதெல்லாம் சாமான் தேடிப் போவது எனக்குத் திருவிழாவுக்குப் போவது மாதிரி. ஒன்றைத் தேடிப் போனால் நாலு கிடைக்கும், பேரம் பேசலாம், டீ குடிக்கலாம், யார் வீட்டு வண்டி எங்கே அடிபட்டது என்று ஊர்க் கதை எல்லாம் தெரிந்துகொள்ளலாம்.

இப்போது அப்படி இல்லை. பேகம்பூரில் காயலாங்கடை வைத்திருக்கிற முகமது பாரூக்கை உனக்குத் தெரியும், உனக்குப் பேரிச்சம்பழம் கொடுப்பாரே, அவரே போன மாதம், “அண்ணே, இந்த மாடலுக்குச் சாமான் கேட்டு வர்ற ஆளு இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தான், வண்டியே முழுசா இரும்புக்குப் போயிருது, நான் எங்கிட்டுப் போய் எடுக்குறது” என்றார். வாட்ஸ்அப் குரூப்பில் படம் போடுகிறார்கள், படத்தில் பளபளவென்று இருக்கும், பார்சலைப் பிரித்தால் டூப்ளிகேட். கைப்பிடி, மேட்டு, லைட்டுக் கண்ணாடி டூப்ளிகேட் என்றால் பரவாயில்லை, ஸ்டியரிங்குக்கும் பிரேக்குக்கும் அதைப் போட்டு ஒரு குடும்பத்தை ஏற்றி அனுப்ப எனக்கு மனசு வராது. என்னிடம் வாங்குகிறவர்கள் யார் என்று உனக்குத் தெரியும், முதன்முதலாகக் கார் வாங்குகிற பூக்காரர், டியூஷன் டீச்சர், ரிட்டயர் ஆன தபால்காரர். புதுச் சாமான் போட்டால் அவர்களால் வாங்க முடியாது, டூப்ளிகேட் போட்டால் என்னால் தூங்க முடியாது. ஷெட்டு மூலையிலோ ஒரிஜினல் சாமானோடு, நான் கையால் பார்த்துப் பார்த்து வைத்த ஒரு வண்டி சும்மா நிற்கிறது. முதலில் வைப்பர் மோட்டார் எடுத்தேன், ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருவருக்கு அவசரம். இரவல்தான் அன்னாள், வேறு ஒன்று கிடைத்ததும் மாட்டிவிடுகிறேன் என்று உன் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் பானட்டைத் திறந்தேன். பிறகு ரேடியேட்டர் நிலக்கோட்டைக்குப் போயிற்று. டிரைவர் சீட்டு வத்தலக்குண்டில் ஒரு நர்ஸம்மாவுக்கு, அவரும் அம்மா மாதிரி குள்ளம், அம்மாவுக்கு வைத்த வெல்டு அவருக்கு அளவெடுத்தது மாதிரி பொருந்தியது. ஒவ்வொரு தடவையும் இரவல் என்று சொன்னேன், ஒன்றைக்கூடத் திருப்பி மாட்டவில்லை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் என்ஜினும் கியர் பாக்ஸும் தொப்பம்பட்டியில் தென்னந்தோப்பு வைத்திருக்கிற பெருமாள்சாமி வாங்கின வண்டிக்குப் போனது. ஆர்.டி.ஓ. ஆபீசில் என்ஜின் நம்பரை முறையாக மாற்றி எழுதித்தான் கொடுத்தேன். அரசாங்கத்துக்குச் சொன்னேன், உனக்குச் சொல்லவில்லை.

நீ டிக்கெட் போட்டதாகச் சொன்ன மறுநாள் மரியராஜிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவன் கொஞ்சமும் கலங்கவில்லை. “அண்ணே, இதுக்குப் போயி சாப்பிடாம கெடக்கீக. அதே வருசம், அதே வெள்ளை, பழனிப் பக்கம் கீரனூர்ல ஒரு வண்டி நிக்கிது. தூக்கிட்டு வந்து நம்ம ஜெபமாலையைத் தொங்கவிட்டு, நம்பர் பிளேட்டை மாத்திட்டா பாப்பாவுக்கு எங்கண்ணே தெரியப் போவுது. ரெண்டு நாள் ஓட்டிட்டுப் போயிரும்” என்றான். தப்பு என்று தெரியும், வேறு வண்டிக்கு நம் நம்பரை மாட்டுவது போலீஸ் கேஸ் ஆகிற விஷயம், இத்தனை வருஷத்தில் யாருக்கும் நான் செய்ததில்லை. ஆனாலும் பாப்பா, மனசு அதற்கு இணங்கிவிட்டது. இரண்டு நாள்தானே என்று பட்டது. போன செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் கிளம்பி கீரனூர் போனோம். வண்டி நன்றாகத்தான் இருந்தது, அம்மாவுடையதைவிடச் சுத்தம். முன்பணம் கொடுக்கச் சட்டைப் பைக்குள் கை போய்விட்டது, அப்போதுதான் மரியராஜ், “எதுக்கும் என்ஜின் நம்ம அக்கா என்ஜினா இருந்தா நல்லாருக்கும்ல, தொப்பம்பட்டி பக்கந்தானே, கேட்டுப் பாப்போம்” என்றான். அவனுக்கும் உள்ளுக்குள் உறுத்தியிருக்க வேண்டும்.

பெருமாள்சாமி நல்ல மனுஷன். நாங்கள் போனதும் “வாங்க வாங்க, ஏனுங்க ஒரு போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பனுங்களே” என்று இளநீர் வெட்டிக் கொடுத்தார். நான் தயங்கித் தயங்கி, உன் அம்மாவைப் பற்றி, நீ வருவது பற்றி, என்ஜினைப் பற்றிச் சொன்னேன். வேறு நல்ல என்ஜின் என் செலவில் போட்டுத் தருகிறேன் என்றேன். அவர் சம்சாரத்தை ஒரு பார்வை பார்த்தார், அந்த அம்மா தலையாட்டினார். “எடுத்துக்குங்க. அம்மிணி ஓட்டுன வண்டிங்கறீங்க, நாங்க என்னத்தைங்க சொல்றது. சத்தம்தான் கொஞ்சம் கூட, ஆனா ஒரு நா வழியில நின்னதில்லீங்க, கேட்டுப் பாருங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து போய் வண்டியை ஸ்டார்ட் பண்ணினார். நான் கையில் இளநீரோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அடுத்து எனக்கு நினைவு வந்தபோது அவர் தோப்பு வாசலில் நிற்கிறேன், கேட்டின் கொண்டியை எடுத்து இரண்டு கதவையும் அகலத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கிறேன். பெருமாள்சாமி வண்டிக்குள்ளிருந்து தலையை நீட்டி, “இன்னும் எங்கயும் கிளம்பலீங்க, சும்மா சத்தம் காட்டத்தானுங்க” என்றார்.

உனக்கு இது தெரியாது, நீ ஸ்கூலிலும் பிறகு ஹாஸ்டலிலும் இருந்தாய். அம்மா சாயங்காலம் தெருவுக்குள் திரும்பும்போது ஹாரன் அடிக்க மாட்டாள், எதிர்வீட்டுக் கைக்குழந்தை தூங்கும் என்பாள், அந்தக் குழந்தை வளர்ந்து காலேஜ் போன பிறகும் அடிக்கவில்லை. அந்த என்ஜினில் டக் டக் என்று ஒரு சத்தம் உண்டு, சரி பண்ணுகிறேன் என்றால் விடமாட்டாள். தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டதும் நான் எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டுப் போய்க் கேட்டைத் திறப்பேன். பதினெட்டு வருஷம். அம்மா போன பிறகு பேட்டரி இறங்காமல் இருக்க மரியராஜ் வாரம் ஒரு தடவை வண்டியை ஸ்டார்ட் பண்ணுவான். மூன்று வாரமும் நான் எழுந்து போய்க் கேட்டைத் திறந்தேன். யாரும் வரவில்லை. மரியராஜ் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். நாலாவது வாரம் அவன் வருவதற்கு முன்னால் பேட்டரியைக் கழற்றிவிட்டேன். வைப்பர் மோட்டாருக்கு முன்னால் நான் கழற்றியது அதுதான். சாமான் கிடைக்கவில்லை, டூப்ளிகேட், ஏழைக் குடும்பம் என்று மேலே எழுதியது எதுவும் பொய் இல்லை, ஆனால் அதெல்லாம் பிறகு சேர்ந்துகொண்ட காரணம். அந்த வண்டி இன்னொரு தடவை ஸ்டார்ட் ஆகிவிடக் கூடாது என்றுதான் நான் கழற்றிக்கொண்டே இருந்தேன். தொப்பம்பட்டியில் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கே விளங்கியது. பெருமாள்சாமியிடம் என்ஜின் வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கீரனூர் வண்டியையும் வேண்டாம் என்று போன் பண்ணிச் சொல்லியாயிற்று. திரும்பி வரும் வழியில் பழனி தாண்டியதும் மரியராஜ் டீ வாங்கிக் கொடுத்தான்.

நேற்று தார்ப்பாயை முழுசாக எடுத்துவிட்டேன். இந்தக் கடிதத்தோடு ஐந்து போட்டோ வைத்திருக்கிறேன், ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டது. முன்பக்கம், இரண்டு பக்கவாட்டு, உள்ளே, பானட் திறந்தது. இந்தத் தடவை எதையும் மறைக்கவில்லை. பார்க்கக் கஷ்டமாக இருக்கும், இரண்டு நாள் கழித்துப் பார்த்தாலும் சரி. ஏன் இத்தனை நாள் மறைத்தீர்கள் என்று நீ கேட்பாய். நீ போன் பண்ணினால் முதலில் அம்மா வண்டி எப்படி இருக்கு என்பாய், அப்புறம்தான் நீங்க எப்படி இருக்கீங்க என்பாய். குறையாகச் சொல்லவில்லை கண்ணு, அம்மா மேல் உனக்கு இருக்கிற பாசம் எனக்குத் தெரியாதா. ஆனால் வண்டி இல்லை என்று தெரிந்தால் நீ இங்கே வருவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்குப் பயம். அம்மா சமையல் இல்லை, அம்மா இல்லை, மிச்சம் இருந்தது அது ஒன்றுதான், அதையும் உன் அப்பன் பிரித்து ஊர் ஊராக அனுப்பிவிட்டான். அந்தப் பயத்தில்தான் உனக்கு நத்தத்துக்காரர் வண்டியின் சத்தத்தைக் கேட்கவைத்தேன். இப்போது நீ ஓட்ட வண்டி இல்லை பாப்பா. நான் ஒருத்தன்தான் இருக்கிறேன். அதற்கும் வருவாய் என்றால் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணாதே. வந்து நேரில் திட்டு, எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு, ஆனால் இந்த வீட்டுக்குள் வந்து பேசாமல் இரு.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். சின்னவளுக்குத் தாத்தா முத்தம். ஆண்டவர் உங்கள் போக்கிலும் வரத்திலும் கூட இருப்பாராக, மாதா உங்களைத் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காப்பாராக. நீங்கள் வருகிற சமயம் இங்கே அடைமழையாக இருக்கும், சின்னவளுக்குத் தடித்த துணி இரண்டு கூடுதலாக எடுத்து வை. கடிதம் வந்து சேரப் பதினைந்து இருபது நாள் ஆகும் என்று போஸ்ட் ஆபீசில் சொன்னார்கள். அதுவரைக்கும் நான் போனில் எதுவும் நடக்காதது மாதிரி கத்தரிக்காயைப் பற்றித்தான் பேசுவேன், பொறுத்துக்கொள். படித்து முடித்ததும் ஒரு வரி அனுப்பு, வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ, எதுவானாலும்.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா
வ. கிறிஸ்துராஜ்